ராசப்பனுக்கு வரக்காப்பி

வேலங்காட்டுக்குப் புரட்சி இரண்டு வழியில் வந்தது. ஒன்று கதர் வேட்டி கட்டிக்கொண்டு நடந்து வந்தது. இன்னொன்று கழுத்தில் சிவப்புத் துண்டோடு சைக்கிளில் வந்தது. திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் எத்தனையோ ஊர் கிடக்க, இரண்டும் கடைசியில் இறங்கியது சௌந்திரத்தின் வாசலில்தான். "நாடு மாறோணும்னா என்ற ஊட்டுக் கதவத்தான் மொதல்ல பேத்தெடுக்கோணுமாக்கும்?" என்று அவள் கேட்டாள்.

கதர் வேட்டி ராசப்பனுடையது. சௌந்திரத்தின் புருசன் செத்துப் பல வருசமாகிவிட்டது. அவனுக்குச் சித்தப்பா முறை இவர். ஆகவே அவளுக்கு மாமா. நாற்பத்திரண்டாம் வருசம் வெள்ளைக்காரனை எதிர்த்து மறியல் செய்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். அதைச் சொல்லாமல் அவரால் ஒரு வாய்ச் சோறு தின்ன முடியாது. விவசாய சங்கத்துக்குத் தலைவர் அவர்தான், ஊருக்கு அருமைக்காரரும் அவர்தான். அந்தப் பக்கத்துக் குடியானவர் கல்யாணத்துக்கு ஐயர் வருவதில்லை. பிள்ளை குட்டியோடு நிறைவாக வாழ்ந்து, அதற்கென்றே ஒரு சீர் செய்துகொண்ட பெரிய மனுசர் ஒருவர் தலையில் உருமால் கட்டி நின்று தாலியை எடுத்துக் கொடுப்பார். அவர்தான் அருமைக்காரர். அவர் கை படாத தாலி தாலியே இல்லை என்பது ஊர்ப் பேச்சு.

சிவப்புத் துண்டு மயில்சாமியுடையது. சௌந்திரத்தின் கூடப்பிறந்த தம்பி. சேலத்தில் காலேஜில் சேர்ந்து, பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படித்து, பாதியில் ஊர் திரும்பியவன். கிணறு வெட்டுகிறவர்களிடம் பாறைக்கு வைக்கும் தோட்டாவை வாங்கி மாட்டுக் கொட்டகைக் கூரையில் சொருகி வைத்திருந்தான். எதற்கென்று கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே சௌந்திரத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான், மகள் சாரதாமணியின் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண் என்று முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகப் பரமத்திப் பக்கம் சின்னண்ணன் மகன் செங்கோடனுக்குப் பேசி, ஐப்பசிக் கடைசியில் நாளும் குறித்தாயிற்று. பையன் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன், பீடி சிகரெட்டு கிடையாது. இதுவும் தட்டிப்போனால் நாலாவதாக ஒருத்தன் படியேறமாட்டான் என்று சௌந்திரத்துக்குத் தெரியும்.

அது எழுபத்தெட்டாம் வருசம். பம்புசெட்டுக்கு மின்சாரக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் மாரியம்மன் கோயில் முன்னால் சங்கத்துக் கூட்டம் நடந்தது. என்ன செய்வது என்று பேசக் கூடியவர்கள் அதை விட்டுவிட்டு உலக சரித்திரத்தைப் பேசினார்கள்.

"ஒரு சொட்டு ரத்தமில்லாம, கடக்கரையில உப்பக் காச்சியே வெள்ளக்காரன ஆட்டி வெச்சமா இல்லியா?" என்றார் ராசப்பன். காய்ச்சியவர் என்னவோ இவர்தான் என்பது போல. உப்புக் காய்ச்சிய காலத்தில் இவர் கோவணத்தோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக்குப் பயந்தா ஓடுனான்? கப்பல்ல சிப்பாயிங்க துப்பாக்கியத் திருப்புனாங்க, அதுக்குப் பயந்து ஓடுனானுங்க!" மயில்சாமி எழுந்துவிட்டான். "பாரிசுல செறய ஒடச்சாங்க. ரஷ்யாவுல அரமனைக்குள்ளயே பூந்தாங்க. மனுக் குடுத்து எந்த ராசா எறங்கியிருக்கான், சொல்லுங்க பாப்போம்?"

"அரமனைக்குள்ள பூந்தவன் அப்பறம் என்ன பண்ணுனான்? அவனே அங்க குடியிருந்துட்டான்."

"உப்புக் காச்சுனவிய மட்டும் குடிசையிலயா இருக்காங்க?"

கூட்டம் இரண்டு பேருக்கும் கை தட்டியது. தெருக்கூத்து பார்ப்பது போல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் போன சௌந்திரம் நின்று, "அந்தப் புரட்சியிலயெல்லாம் மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாருன்னு எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டாள். சிரித்தார்கள். பொம்பளைக்கு வேறு என்ன தெரியும் என்றார்கள். அவள் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

கடைசியில் ராசப்பன் வழிதான் ஜெயித்தது. ஊர்ப் பால் ஒரு சொட்டுக்கூட ஊர் எல்லையைத் தாண்டி டவுனுக்குப் போகக்கூடாது. கட்டணத்தைக் குறைக்கிறவரை இதுதான் போராட்டம். யாரையும் அடிப்பதில்லை, வைவதில்லை. எல்லையில் இருந்த புளியமரத்தடியில் தொண்டர்கள் உட்கார்ந்தார்கள். ஊருக்குள் பால் பொங்கி வழிந்தது. நாய்கூட மோர் குடித்தது.

சௌந்திரம் பல வருசமாகத் திருச்செங்கோட்டில் ஜவுளிக்கடை மொய்தீன் வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மொய்தீனை அண்ணன் என்பாள். அவர் சம்சாரம் ரஹமத் பீவி இவளை அக்கா என்பாள். அவர்கள் மகள் அஜீஸுன்னிசா பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்த கையோடு ஜன்னி கண்டு படுத்திருந்தாள். தாய்ப்பால் இல்லை. மாவுப்பால் கொடுத்தால் குழந்தை கக்கியது. சௌந்திரத்தின் செவலைப் பசுவின் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் மட்டும் தங்கியது. இந்த நிலையில் பாலை நிறுத்து என்றால் யார் நிறுத்துவது?

முதல் நாள் பால் தூக்குப்போசியைச் சீலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போனாள். புளியமரத்தடியில் மறித்தார்கள். அவளை ஒருவரும் தொடவில்லை. போசியை மட்டும் வாங்கி ரோட்டில் கவிழ்த்துவிட்டு, கும்பிட்டு வழி விட்டார்கள். "பச்சப்புள்ள பாலுடா, படுபாவிகளா!" என்று கத்தினாள். "மன்னிக்கோணுமுங்க, தலைவர் உத்தரவுங்க" என்றார்கள், வெகு மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் விடிந்ததும் வெறுங்கையோடு வந்தாள். பின்னால் கன்றும் செவலைப் பசுவும் வந்தன.

"மாட்ட எங்கீங்க ஓட்டீட்டுப் போறீங்க?"

"டவுனுக்கு."

"பால் போவக்கூடாதுங்களே."

"பாலா கொண்டு போறேன்? கையப் பாரு. மாடு போவக்கூடாதுன்னு உன்ற தலைவரு சொன்னாரா?"

தொண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டைப் பற்றி உத்தரவு இல்லை. மாட்டை மறித்துக் கவிழ்க்கவும் முடியாது. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவள் அரை மைல் போயிருந்தாள். மொய்தீன் வீட்டுப் புழக்கடையில் மாட்டைக் கட்டி, ரஹமத் பீவிக்குப் பால் கறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பொழுது சாய வீடு வந்து சேர்ந்தாள்.

ஊர் சிரித்தது. ராசப்பனால் பொறுக்க முடியாதது அதுதான். வெள்ளைக்காரனையே ஆட்டி வைத்தவரை ஒரு மாடு முட்டாளாக்கிவிட்டது. மறுநாளே ஊர்க்கட்டு விழுந்தது. சௌந்திரத்தின் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. அவள் கிணற்றடிக்கு வந்தால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மளிகைக்கடைக்காரன் அவளைக் காணாதது போலத் தராசைத் துடைத்தான். மேளக்காரரும் சமையல்காரரும் கல்யாணத்துக்கு வரமுடியாது என்று சொல்லியனுப்பினார்கள்.

அவள் ராசப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ற புள்ள கல்யாணமுங்க. நீங்க வந்துதான் தாலி எடுத்துக் குடுக்கோணும்."

"நானென்ன உன்ன அடிச்சனா?"

"இல்லீங்க."

"கெட்ட வார்த்த ஒண்ணு சொல்லியிருப்பனா?"

"அடிச்சிருந்தா காயத்தையாச்சும் நாலு பேருத்துக்குக் காட்டியிருப்பனுங்க. இதுல காட்டறதுக்கு என்னுங்க இருக்குது?"

ராசப்பன் நூற்பதை நிறுத்தவில்லை. "மாட்ட ஓட்டியாந்து கோயலு முன்னால கட்டு. ஊரு முன்னால உழுந்து கும்புடு. கட்ட அவுத்தர்றேன். நாந்தான் வந்து நடத்தி வெப்பேன், சாமி."

"மாடு வந்துட்டா அந்தப் பச்சப்புள்ள பொளைக்காதுங்க."

"ஒரு காரியம்னா நாலு பேரு கஷ்டப்படத்தான் வேணும்."

"அந்த நாலு பேருத்துல நீங்க ஒருக்காலும் இருக்க மாட்டீங்களாட்ட இருக்குதுங்களே, மாமா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ராட்டையைச் சுற்றினார். ஊர்க்கட்டு விழுந்த வீட்டோடு பேசக்கூடாது என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம்.

இந்த இடத்தில்தான் மயில்சாமி அக்காளுக்கு நியாயம் கேட்கக் கிளம்பினான். நியாயம் கேட்கிறவன் ராசப்பனிடம் போயிருக்கவேண்டும். அவருடைய ஆட்கள் நாற்பது பேர், அதனால் அங்கே போகவில்லை. ஆட்சியின் நரம்பை அறுக்கப்போகிறேன் என்று கூரையிலிருந்த தோட்டாவை எடுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையிலிருந்த டிரான்ஸ்பார்மருக்கு அடியில் வைத்துப் பற்ற வைத்துவிட்டான். ஆட்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலங்காட்டில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. சோளமும் மஞ்சளும் வாடின. மின்சாரமே இல்லாத ஊரில் மின்கட்டணம் எப்படி ஏறும்? அந்தக் கணக்கில் பார்த்தால் அவன் புரட்சி ஒன்றுதான் முழு வெற்றி. ஜனங்கள் பரணில் கிடந்த பழைய கவலை ஏற்றத்துச் சால்களைத் தேடி எடுத்து, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தார்கள்.

போலீஸ் வந்தது. வெடி வைத்தவன் ஓடிப்போயிருந்தான். ஓடுகிறவனைத் தேடுவதைவிட உட்கார்ந்திருப்பவனைப் பிடிப்பது சுலபம் அல்லவா? புளியமரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்களை விரட்டி விரட்டி அடித்தார்கள். ராசப்பனுக்கும் தலையில் ஒன்று விழுந்தது. காயத்துக்குப் போட்ட துணிக்கட்டை அவர் அவிழ்க்கவே இல்லை, காயம் ஆறிய பிறகும் கட்டிக்கொண்டே திரிந்தார். அந்த அடியையும் சௌந்திரத்தின் கணக்கில்தான் எழுதினார்கள். வெடி வைத்தவன் அவள் தம்பிதானே!

தம்பியைத் தேடி அவள் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறைக்கு யார் கூட்டிவருவது? காட்டிலோ மலையிலோ பட்டினி கிடப்பான் என்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனாள். காலேஜ் பையன்களிடம் விசாரித்துக்கொண்டு போனால், அவன் பணக்காரர்கள் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸில், ஜவ்வரிசி மில் முதலாளி ஒருவரின் பங்களா மாடியில் தலைமறைவாக இருந்தான். முதலாளி மகன் இவனோடு படித்தவன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. சாப்பிட்ட தட்டில் ஆம்லெட் மிச்சம் இருந்தது.

"மயிலு, ஐப்பசிக் கடைசியில கல்யாணம். நீ வரோணும்டா."

"வந்தா என்னப் புடிச்சிக்குவாங்கக்கா. ஒரு தனிக் குடும்பத்துக் கல்யாணத்துக்காவ இயக்கத்தப் பணயம் வெக்க முடியாது. சீனாவுல தலைவருங்க எல்லாம் காடு மலைன்னு ஒரு வருசம் நடந்தாங்க, குடும்பத்தப் பாத்தாங்களா?"

"நீ மாடிப்படிகூட எறங்குன மாதிரி தெரியிலியே. ஏண்டா, உன்ற இயக்கத்துல எத்தன பேரு?"

மயில்சாமி கொஞ்சம் யோசித்தான். "இப்போதைக்கு நானும் இந்த ஊட்டுப் பையனும். அவன் பெங்களூருக்கு மேல்படிப்புக்குப் போயிருக்கான். வந்துருவான்."

சௌந்திரம் கட்டுச்சோற்றை அவனுக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது ஓடுகிற பஸ்ஸில் அதைத் தானே பிரித்துத் தின்றாள். தின்னத் தின்னக் கண்ணீர் வந்தது. ஒருத்தர் நல்ல வழி என்கிறார், ஒருத்தன் வேகமான வழி என்கிறான். இரண்டு வழியும் தன் பெண்ணின் கழுத்தை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டுமா என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்தவள் "என்னாத்தா, காரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள்.

அடுத்தது சம்பந்தி வீடு. ராசப்பன் முந்திக்கொண்டு பரமத்திச் சங்கத்துக்கும் ஆள் அனுப்பியிருந்தார். கட்டு விழுந்த வீட்டுக்கு எந்த ஊர் அருமைக்காரரும் வரமாட்டார். சின்னண்ணன் பெரிய மீசைக்காரர். அதை நீவிக்கொண்டே இருந்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லுலியம்மா. அருமைக்காரரு இல்லாம எப்படி? அவிய சமாதானமாவறவரைக்கும் தள்ளி வெக்கலாம்."

தள்ளி வைத்த கல்யாணம் என்ன கதியாகும் என்று சௌந்திரத்துக்குத் தெரியாதா? முதலிடமும் இப்படித்தான் தள்ளி வைத்தார்கள். காலில் விழுந்தால் இரக்கப்படுவார், இரக்கப்பட்டுத் தள்ளி வைப்பார். ஆகவே அவள் விழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"செரிங்கண்ணா. அப்ப எங்கூரு ராசப்ப மாமன் எப்ப வேணுங்கறாரோ அப்பப் பண்ணிக்கலாம். ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுக் காதுகுத்து, சீமந்தத்துக்கெல்லாங்கூட அவியளத்தான் கேட்டுட்டுப் பண்ணுவீங்களா?"

மீசையை நீவிய கை நின்றது. "நானெதுக்கு அவனக் கேக்கறேன்?"

"இல்லீங்க, நாலு பேரு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான். பரமத்திச் சின்னண்ணன் பையன் கல்யாணத்த வேலங்காட்டுக்காரரு ஒருத்தரு ராட்டை சுத்திக்கிட்டே நிறுத்திப்போட்டாருன்னு இப்பவே எங்கூருல பேசறாங்க."

உள்ளே இருந்து செங்கோடன் வந்தான். "அப்பா, மால மாத்திக்கிட்டாலே செல்லும்னு சட்டம் வந்து வருசம் பத்தாச்சுங்க. பட்டறையில ரெண்டு பேரு அப்படித்தான் கட்டிக்கிட்டாங்க." சின்னண்ணனின் சம்சாரம் பொன்னாத்தாள் கதவோரம் நின்று, "குறிச்ச நாளு குறிச்சதுதான்" என்று முடித்துவிட்டாள். சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலங்காட்டானைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கல்யாணத்தன்று சௌந்திரத்தின் களத்தில் பந்தல் போட்டதும் அடுப்பு மூட்டிச் சமைத்ததும் செங்கோடனின் பட்டறைப் பையன்கள். மொய்தீன் ஜவுளிக்கடை வேனில் வந்து இறங்கினார். அவரோடு ரஹமத் பீவியும், கூறைச்சீலையும், இரண்டு பெரிய கேன் நிறையப் பாலும் வந்தன. செவலைப் பசுவின் பால் போக, தெருவெல்லாம் கேட்டு வாங்கியதாம். "கொழந்த உருண்டு தெரண்டு இருக்குதக்கா, அஜீஸும் எழுந்து நடமாடறா" என்றாள் ரஹமத் பீவி. வேலங்காட்டிலிருந்து டவுனுக்குப் போகாத பால் டவுனிலிருந்து வேலங்காட்டுக்கு வந்தது. புளியமரத்தடியில் யாரும் மறிக்கவில்லை. பால் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு இல்லையே.

தாய்மாமன் இடத்தில் மொய்தீன் நின்று சாரதாமணியைக் கூட்டிவந்தார். சௌந்திரம் வெள்ளைச் சீலையோடு வீட்டுக்குள் இருட்டில் நின்றிருந்தாள். புருசன் போனவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது. பெற்ற பெண்ணின் கல்யாணத்தையும் கதவிடுக்கு வழியாகத்தான் பார்க்கவேண்டும். அதில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை, பழகிவிட்டது. மாலை மாற்றி ஆயிற்று. தாலி தட்டில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. சின்னண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கத்தை, நேரமாகுதுங்க" என்று செங்கோடன் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "வந்து எடுத்துக் குடுங்க."

சௌந்திரம் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வெளியே வந்து சுற்றிலும் பார்த்தாள். இதைத் தடுக்கிற பெரிய மனுசர்கள் ஊரில் எத்தனை பேர்! அத்தனை பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒத்துழையாமை செய்துகொண்டிருந்தார்கள். பொன்னாத்தாள் தலையை அசைத்தாள். சௌந்திரம் தாலியை எடுத்தாள். மருமகன் கையில் கொடுத்தாள். சாரதாமணி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு பேர் முன்னால் சௌந்திரம் வாய்விட்டு அழுதாள்.

அப்புறம்தான் லாரி பாட்டரியில் மைக் செட்டைப் போட்டார்கள். ராசப்பன் காலையிலிருந்து சலவை வேட்டியோடு வீட்டில் காத்திருந்தார். முகூர்த்த நேரத்துக்குள் அவள் ஓடிவந்து காலில் விழுவாள் என்பது அவர் கணக்கு. பாட்டுச் சத்தம் கேட்டதும் பதறிப்போய் உருமாலைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தலைவரே போகிறார், அப்படியானால் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. கிணற்றடியில் விலகிப் போன பெண்கள் எல்லோரும் வந்து, யாரும் சொல்லாமலே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இத்தனை நாள் இதுதான் ஏக்கம்.

"செரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் ராசப்பன் களத்து நடுவில் நின்று. "நான் மன்னிச்சு உட்டுட்டேன். சீர ஆரம்பிக்கலாமா?"

"எல்லாம் ஆச்சுங்க மாமா. ஒக்காருங்க."

"ஆச்சா? தாலி யாரு எடுத்துக் குடுத்தா?"

"நாந்தானுங்க."

ராசப்பன் அவள் வெள்ளைச் சீலையைப் பார்த்தார். அடுத்து கூட்டத்தைப் பார்த்தார். யாராவது அடிப்பாவி என்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று நின்றார். பந்தியில் பருப்புக்கு நெய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருசத்தில் தான் வரமாட்டேன் என்று சொன்ன வீடுகளெல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அத்தனை வீட்டுக்காரர்களும் ஓடிவந்து காலைப் பிடித்தவர்கள். அவர் வராமலே நடந்த முதல் கல்யாணம் இதுதான். உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் காப்பி வந்தது. பால் விட்டுக் கெட்டியாகக் கலந்த காப்பி, வாசனை தூக்கியது. ராசப்பனுக்கு மட்டும் சௌந்திரம் தன் கையால் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். கறுப்பாக இருந்தது.

"உங்குளுக்கு வரக்காப்பிதானுங்க, மாமா. இங்க இருக்கறது அத்தனையும் டவுன் பாலு, எல்ல தாண்டி வந்தது. அத நீங்க குடிச்சுப்போட்டா போராட்டம் என்னாவறது?"

பந்தியில் யாரோ சிரித்தார்கள். ராசப்பன் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரையும் போட்டிருக்கவில்லை.